வீட்டில் செய்த ஷாம்பு கட்டி தலையில் பிசுக்காக நிற்கிறது: எந்த எண்ணெயை மாற்றுவது?

வள்ளியூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். கடை ஷாம்புவை விட்டுவிட எண்ணி, அடுப்பில் வைக்காமல் செய்யும் முறையில் ஷாம்பு கட்டி செய்து பயன்படுத்தி வருகிறேன். தேங்காய் எண்ணெய் 300 கிராம், செக்கு நல்லெண்ணெய் 125 கிராம், விளக்கெண்ணெய் 75 கிராம், காஸ்டிக் சோடா 75 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் 120 கிராம், அதனுடன் எலுமிச்சைச் சாறு 50 மில்லி என்பது என் அளவு. ஆறு வாரம் உலர்ந்த பிறகே கட்டியை எடுத்தேன். நுரைக்குக் குறைவில்லை. ஆனால் தலை காய்ந்ததும் முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்கிறது. சீப்பின் பற்களுக்கு இடையே சாம்பல் நிறப் பிசுக்கு திரண்டு, நகத்தால் சுரண்டினால் உருண்டு வருகிறது.

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் மதினிக்கும் இதே கட்டிகளைக் கொடுத்திருந்தேன். அவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நல்லெண்ணெயை நிறுத்திவிட்டு ஆலிவ் எண்ணெயோ பாதாம் எண்ணெயோ சேர்க்க வேண்டுமா? மேலும், அச்சில் ஊற்றிய பின் கலவை அளவுக்கு மீறிச் சூடேறி நடுப்பகுதி பழுப்பாகிவிட்டது. நல்லெண்ணெயில் கலப்படம் இருக்குமோ என்றும் ஐயமாக இருக்கிறது.

தென்காசிக்காரர்:

விளக்கெண்ணெய்தான் காரணமாக இருக்கும். நூற்றுக்கு 15 பங்கு என்பது அதிகம். ஐந்தாகக் குறைத்துப் பாருங்கள். அதுவரை வாரம் ஒரு முறை ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் தலையை அலசினால் பிசுக்கு போய்விடும்.

பாளையங்கோட்டை வேதியியல் ஆசிரியர் (ஓய்வு):

விளக்கெண்ணெயைக் குற்றம் சொல்வதற்கு முன், மதினியைப் பற்றிச் சகோதரி எழுதியதைக் கவனிக்க வேண்டும். கட்டி ஒன்றே, எண்ணெய் ஒன்றே; மாறியது ஊரும் தண்ணீரும்தான். கல்லிடைக்குறிச்சி தாமிரபரணிக் கரையில் இருப்பதால் அங்கே குளிக்க ஆற்றுத் தண்ணீர் கிடைக்கும். வள்ளியூரில் தாங்கள் போர் தண்ணீரில் குளிப்பவராக இருந்தால், விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

எந்த எண்ணெயில் செய்தாலும் சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்புதான். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தச் சோடியத்தை விலக்கிவிட்டு அமிலத்தோடு சேரும்போது, தண்ணீரில் கரையாத ஒரு படிவு உண்டாகிறது. உடம்பில் என்றால் துண்டால் துடைக்கும்போதே அது போய்விடும். ஆயிரக்கணக்கான முடியிழைகளுக்கு நடுவே சிக்கினால் தங்கிவிடும். உங்கள் சீப்பில் திரள்வது அதுவே. பாதாம் எண்ணெய் வாங்கப் பணம் செலவழித்தாலும் இதே படிவுதான் வரும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்புடையது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை எழுந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் என்னும்போது, நம் மாவட்டத்தின் பல ஆழ்துளைக் கிணறுகளில் சுண்ணாம்புச் சத்து ஏறியிருப்பதில் வியப்பில்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஒன்றில் மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீரும், மற்றொன்றில் போர் தண்ணீரும் பாதியளவு எடுத்து, கட்டியைச் சீவி இரண்டிலும் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கிப் பாருங்கள்.

ஆப்பச் சோடா வேண்டாம். சோப்பே காரத்தன்மை உடையது, அதன் பி.எச். 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும். காரம் பட்டால் முடியின் மேல்தோல் செதில்கள் விரிந்து சிக்கு கூடும். அதன் மேல் இன்னொரு காரத்தை ஊற்றுவதால் நன்மையில்லை.

திருநெல்வேலி டவுன் செக்குக்காரர்:

எண்ணெயில் கலப்படம் என்று எழுதியிருந்ததால் மட்டும் இதை எழுதுகிறேன். நம் பக்கத்துச் செக்கு நல்லெண்ணெயில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது வழக்கம். எண்ணெய் பிரிவதற்கும் மணத்துக்கும் அது வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த இனிப்பின் மிச்சம் எண்ணெயின் அடியில் தங்கியிருக்கும். சமையலுக்கு அது குறையே அல்ல, ஆனால் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்தால் கலவையைச் சூடாக்கிப் பழுப்பாக்கிவிடும் என்று சோப்பு செய்வதற்காக என்னிடம் எண்ணெய் வாங்கும் ஒருவர் சொல்லியிருக்கிறார். கருப்பட்டி சேராமல் ஆட்டிய எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இருப்பதைச் சில நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர் வாசகி:

ஐயா சொன்னபடி குலுக்கிப் பார்த்தேன். ஆர்.ஓ. தண்ணீர்ப் புட்டியில் நுரை மேலே நின்று, கீழே தண்ணீர் இலேசான மங்கலோடு தெளிவாக இருந்தது. போர் தண்ணீர்ப் புட்டியிலோ பால் திரிந்ததுபோல வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன; நுரையும் சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருவது சில நாட்களில்தான், அதுவும் குடிக்கவும் சமைக்கவுமே போதும். ஆகவே போர் தண்ணீருக்கு ஏற்றபடி கட்டியை மாற்ற வழி உண்டா என்று சொல்ல வேண்டுகிறேன்.

பாளையங்கோட்டை வேதியியல் ஆசிரியர் (ஓய்வு):

ஓரளவுக்கு உண்டு. முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். தேங்காய் எண்ணெய் ஒரு கிராமைச் சோப்பாக்க 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. உங்கள் அளவுக்கு மொத்தம் சுமார் 81 கிராம் ஆகிறது. நீங்கள் போட்டது 75. எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் அதிலும் ஒன்றரை கிராம் அளவுக்குத் தின்றிருக்கும். ஆக, நூற்றுக்கு 9 பங்குக்கு மேல் எண்ணெய் சோப்பாகாமலே கட்டியில் நிற்கிறது. காஸ்டிக் சோடா டப்பா ஈரம் இழுத்திருந்தால் இன்னும் கூடும். உடம்புச் சோப்புக்கு இது பொறுக்கும். தலைக்கு 3 முதல் 5 பங்கு போதுமானது.

எண்ணெய் விகிதம் அப்படியே இருக்கட்டும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்பதால் நுரையும் அழுக்கு நீக்கும் வலுவும் அதிலிருந்தே வருகின்றன. விளக்கெண்ணெய் அந்த நுரையை நிலைக்க வைக்கிறது. தென்காசி நண்பர் சொன்னதுபோல் அதை ஐந்தாகக் குறைத்தால் நுரை சீக்கிரம் சரியும், 10 பங்குக்குக் குறைத்தால் கட்டி இன்னும் இறுகும்; அது உங்கள் விருப்பம். நல்லெண்ணெய் மென்மைக்காக. சூரியகாந்தி எண்ணெயைவிட அது சிக்கு வாடை பிடிக்காமல் நாள்படத் தாங்கும்.

மாற்ற வேண்டியது இரண்டு. எலுமிச்சைச் சாற்றை நிறுத்திவிட்டு, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் 10 கிராம் எடுத்து, 165 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் முதலில் கரைத்துக்கொள்ளுங்கள். அந்த அமிலம் சுமார் 6 கிராம் காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொண்டு சோடியம் சிட்ரேட் ஆகும். அதுதான் தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்துச் சோப்பைக் காக்கும். ஆகவே எண்ணெய்க்கு 78, அமிலத்துக்கு 6 என்று 84 கிராம் காஸ்டிக் சோடாவை அந்தத் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றவே கூடாது. இந்த முறை கரைசல் முன்னைவிட அதிகமாகச் சூடேறும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடாது, அதைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் பாத்திரம் சரி.

அப்படியும் படிவு முழுவதும் ஒழியாது. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரை எடுத்துவைத்து, அதில் கால் தேக்கரண்டி எலுமிச்சை உப்பு அல்லது இரண்டு தேக்கரண்டி வினிகர் கலந்து, கண்ணில் படாமல் கடைசியாகத் தலையில் ஊற்றி அலசுங்கள். கரையாத படிவை அமிலம் சிதைக்கும். விரிந்த செதிலும் அடங்கும். இப்போதே முடியில் படிந்திருப்பதும் இதனாலேயே சில குளியல்களில் போகும்.

அம்பாசமுத்திரத்து ஆச்சி:

ஆசிரியர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் உப்புத் தண்ணீர் ஊருக்குச் சோப்பு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. வடித்த கஞ்சியில் சீயக்காய்த்தூள் குழைத்துத் தேய்த்தால் எந்தத் தண்ணீரிலும் சிக்கல் இல்லை. எண்ணெய்க் குளியலன்று நாங்கள் இலுப்பைப் பிண்ணாக்கும் போடுவோம்; கண்ணில் பட்டால்தான் எரியும்.

பாளையங்கோட்டை வேதியியல் ஆசிரியர் (ஓய்வு):

ஆச்சி சொல்வதற்கு வேதியியலும் துணை நிற்கிறது. சீயக்காய், பூந்திக்கொட்டை, இலுப்பைப் பிண்ணாக்கு ஆகியவற்றில் அழுக்கை நீக்குவது சபோனின் என்னும் நுரைக்கும் பொருள். அது கொழுப்பு அமில உப்பு அல்ல என்பதால் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பைப்போல் திரிவதில்லை. கட்டியாகவே வேண்டும், போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்னும் பொருளை வைத்துக் காஸ்டிக் சோடா இல்லாமலே கட்டி செய்கிறார்கள். அதுவும் தேங்காய் எண்ணெயிலிருந்து வருவதுதான், பி.எச். முடிக்கு ஏற்ற அளவில் நிற்கும், படிவும் வராது. அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மலும் எரிச்சலும் தாங்காது என்பதால் முகக்கவசம் இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது.

வள்ளியூர் வாசகி:

மிக்க நன்றி. 84 கிராம் கணக்கில் அடுத்த முறை செய்து பார்க்கிறேன். அதுவரை ஆச்சி சொன்ன கஞ்சியும் சீயக்காயும்தான். மீதமிருக்கும் பழைய கட்டிகளை உருக்கிச் சிட்ரிக் அமிலம் சேர்க்கலாமா?

பாளையங்கோட்டை வேதியியல் ஆசிரியர் (ஓய்வு):

கூடாது. ஏற்கெனவே சோப்பானதில் அமிலம் சேர்த்தால் சோப்பு உடைந்து, அதிலிருந்து கொழுப்பு அமிலம் பிரிந்து பிசுக்கு இன்னும் கூடும். அந்தக் கட்டிகளைக் கை கழுவவும் உடம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மதினிக்கே கொடுத்துவிடுங்கள். புதியதை ஐப்பசி மழைக்கு முன் செய்தால், உலரும் வாரங்களில் கட்டி ஈரம் இழுத்து வியர்க்காது.