புரூயினோசிட்டி: ‘மாவுப்பூச்சு’ வேண்டாம், ‘நீறு’ போதும்

அன்புள்ள அம்மா,

ஆப்பிரிக்க ஆற்றுத் தட்டான்கள் பற்றிய உங்கள் வரைவைப் படித்தேன். சைகோனிக்ஸ் நட்டாலென்சிஸ் என்ற தட்டான் இனத்தின் பகுதியில், புரூயினோசிட்டியை, அதாவது உடல்மேல் பொடிபோல் படியும் மெழுகை, ‘உடல்மேல் நீல மாவுப்பூச்சு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள். மாவுப்பூச்சி என்றால் நம் உழவருக்குப் பருத்தியையும் மரவள்ளியையும் அழிக்கும் பூச்சிதான் நினைவுக்கு வரும். ஓர் எழுத்துதான் வேறுபாடு. அச்சில் பிழை நேர்ந்தால் பொருளே கெட்டுவிடும்.

‘நீறு’ என்று வைக்கலாம். நீற்றுப்பூசணியின் தோலில் படிந்திருக்கிறதே வெண்பொடி, அது மெழுகு. தட்டானின் உடலில் தோன்றுவதும் மெழுகுதான். ‘பூச்சு’ என்றால் யாரோ வெளியிலிருந்து பூசியது போலாகும். இது உடலே சுரந்து வெளிப்படுவது. ‘நீறு பூத்த’ என்ற வழக்கு நம்மிடம் இருக்க, புதிதாக எதற்கு?

—

ஐயா, நீறு வெண்மை ஆயிற்றே! நட்டாலென்சிஸ் ஆணின் நிறம் நீலச்சாம்பல். திருநீற்றை நினைத்துப் படிப்பவர் குழம்பமாட்டாரா?

இன்னொன்று. பாறைகளுக்கிடையே வேகமாக ஓடும் ஆற்றுநீரை ‘விரைவோட்டம்’ என்று எழுதியதும் எனக்கு நிறைவாக இல்லை. ரயில் மாதிரி ஒலிக்கிறது.

—

அம்மா, நிறத்தை அடையாகச் சேர்த்துவிடலாம்: நீலநீறு, வெண்ணீறு. அடிச்சொல் ஒன்றாக இருந்தால் வினையும் கிளைக்கும். இளம் ஆண் ‘நீறு பூக்காதது’, முதிர்ந்தது ‘நீறு பூத்தது’. இணைசேரும்போது பெண்ணின் கால்கள் பட்டு ஆணின் வயிற்றில் மெழுகு தேய்ந்துபோவதைப் பல தட்டான் இனங்களில் பார்க்கிறோம். அதை ‘நீறு உதிர்ந்தது’ என்றே சொல்லலாம். ‘மாவுப்பூச்சு உதிர்ந்தது’ என்றால் சுவரில் காரை பெயர்ந்தது போல இருக்கிறது.

இனம் பிரிப்பதற்கும் இந்தச் சொல் கைகொடுக்கும். அதே பேரினத்தின் டொரிடஸ், கறுப்பு வயிற்றில் மஞ்சள் வளையங்கள் கொண்டது. நட்டாலென்சிஸின் முதிர்ந்த ஆணோ நீலநீறு பூத்தது. இரண்டுமே பாறைகளில் மோதி நுரைத்தோடும் நீரைத் தேடிப் போகின்றன. அதனால் இருப்பிடத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. உடலைப் பார்த்தே ஆகவேண்டும். இளம் ஆண் கண்ணில் பட்டால் அவசரப்பட்டுப் பெயர் சூட்டக்கூடாது என்ற எச்சரிக்கையையும் வரைவில் சேருங்கள்.

விரைவோட்டத்துக்குப் ‘பாய்நீர்’ என்பது என் பரிந்துரை. இந்தப் பேரினத்தை ‘அருவித் தட்டான்’ என்று முன்பு ஒரு நண்பர் சொன்னது அழகுதான். ஆனால் சாம்பசி ஆற்றின் விக்டோரியா அருவி போன்ற இடங்களுக்கே அது பொருந்தும். அருவியே இல்லாத, பாறை நிறைந்த ஆற்றுப் பகுதிகளிலும் இவை பறக்கின்றன. நீரோட்டத்துக்கு மேலே ஆண் இடைவிடாமல் ரோந்து சுற்றும், இளரிகள் (நீரில் வாழும் இளம்பருவத் தட்டான்கள்) வேகநீரில் கல்லைப் பற்றிக்கொண்டு வளரும். இரண்டுக்கும் வேண்டியது பாய்கிற நீர்.

தட்டானுக்குத் ‘தும்பி’ என்ற சொல் வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரி. குறுந்தொகையில் அது வண்டு.

வரைவில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘நீலப் பாய்நீர்த் தட்டான்: முதிர்ந்த ஆண் நீலநீறு பூத்தது, மஞ்சள் வளையங்கள் இல்லை.’