குறைந்த கோடுகளில் உயிர் பெற்ற சிறுவர் படங்கள்: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் உறுப்பினர்:

கையால் வரைந்து, சிறு செலவில் எடுக்கப்பட்ட பழைய சிறுவர் படங்களோடு நமக்கு ஏற்பட்ட அனுபவங்களை எழுதுவோம் என்று கேட்டிருந்தேன், நானே தொடங்குகிறேன். எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், படத்தைப் பார்ப்பதைவிடப் படம் பார்க்கும் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்திருப்பதே எனக்கு அதிகம்.

அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, செக் நாட்டு ஓவியர் ஸ்டெனெக் மிலர் 1957 இல் எடுத்த, மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலி ஒன்றின் படம். கண்ட பொருள்களையெல்லாம் சேர்த்து வைக்க ஆசைப்படும் அந்த அகழெலிக்குப் பெரிய பைகள் வைத்த காற்சட்டை ஒன்று வேண்டியிருக்கிறது. துணி எங்கிருந்து வரும் என்று தேடிப் போகையில், துணி நெய்ய நார் தரும் ஆளிச்செடி வழி சொல்கிறது. நாரை அலகால் தண்டை நொறுக்குகிறது, முள்ளெலியின் முதுகே தண்டின் நார்களை வாரும் சீப்பாகிறது, சிலந்திகள் நூற்கின்றன, எறும்புகள் நெய்கின்றன, காட்டுப் பழங்கள் நீலச் சாயம் தருகின்றன. ஒரு செடி உடுப்பாக மாறும் வேலை முழுவதையும், பாடம் என்ற நினைப்பே வராமல், பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து, தென்னந்தும்பை ஒரு பழைய சீப்பால் வாரிக்கொண்டிருந்ததை நானே கண்டேன்.

அந்த அகழெலியின் உருவத்தில் என்ன இருக்கிறது? கறுப்பு உடம்பு, சிவப்பு மூக்கு, இரண்டு கண்கள், தலையில் சில மயிர்கள், அவ்வளவுதான். பின்னணியிலும் சில புற்கள், சில பூக்கள், தட்டையாகப் பூசிய நிறங்கள் என்பவற்றுக்கு மேல் அதிகம் இல்லை. கணினியில் ஒவ்வொரு மயிரையும் தனித்தனியே அசைத்துக் காட்டும் இன்றைய படங்களையும் எங்கள் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். ஆனால் அவற்றைப் பார்த்த மறுநாள் ஒருவரும் பென்சிலை எடுப்பதில்லை. அகழெலிப் படம் ஓடிய மறுநாளோ, கொப்பிகளின் கடைசி ஒற்றைகள் முழுவதும் அகழெலிகளாகவே இருக்கும். தன்னாலும் வரைய முடியும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றச் செய்வதே இப்படங்களின் பெருங்கொடை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இத்தொடரின் பிற்காலப் படங்களில் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக மிலர் பேச்சை நீக்கிவிட்டு, சிரிப்பையும் சிணுங்கலையும் மட்டும் வைத்தார். அந்தக் குரல்களைக் கொடுத்தவர்கள் அவருடைய புதல்வியர். பேச்சு இல்லாத இடத்தை எங்கள் சின்னவர்கள் தங்கள் பேச்சால் நிரப்புகிறார்கள். "ஐயோ, அதுக்கு நோகுதடா" என்று முன்வரிசையில் ஒருவன் சொன்னதும், படத்துக்கு அதுவே வசனமாகிவிடும்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலிருந்து ஓர் உறுப்பினர்:

எண்பதுகளில் உயர்ந்த கம்பத்தில் அன்ரெனா கட்டி, புள்ளிகள் பறக்கும் திரையில் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு, வலையில் அகப்பட்ட பறவைகள் ஒன்றாக எழும்பி வலையோடு பறந்துபோகும் சிறு படம் நினைவிருக்கும். இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1974 இல் வெளியிட்ட அப்படம் இந்தியில் இருந்தது. எங்களுக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் பறவைகள் எழும்பும் இடத்தில் வீட்டில் இருந்த அத்தனை பேரும் கைதட்டுவோம்.

மல்லாவியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, எனது அனுபவம் தொண்ணூறுகளுக்கு உரியது. மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தட்டுப்பாடு. எப்போதாவது ஒரு வீட்டில் ஜெனரேற்றரும் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்குக் கொண்டுவரும் இரவில், பெரியவர்கள் வந்து சேரும்வரை பிள்ளைகளுக்காகக் கார்ட்டூன் கசெற் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். ஓடுகிறவனுக்குப் பின்னால் அதே மரமும் அதே யன்னலும் மீண்டும் மீண்டும் கடந்துபோகும். அடுத்து எது வரும் என்று நாங்கள் முன்கூட்டியே கத்துவோம்.

அது சிக்கனத்துக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பிற்பாடு வாசித்து அறிந்தேன். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் (பிரேம்கள்) ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 சித்திரங்கள் போதும். அப்படியும் பத்து நிமிடப் படத்துக்கு 7,200 வேண்டும். மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் அது 4,800 ஆகக் குறையும். ஜப்பானில் ஒசாமு தெசுக்கா 1963 இல் தமது சிறுவன் இயந்திரனை வாராந்தத் தொடராகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, இப்படிச் சித்திரங்களைக் குறைத்தும், வாயை மட்டும் அசைத்தும், முன்பு வரைந்தவற்றைச் சேமித்து வைத்து மறுபடியும் பயன்படுத்தியுமே அதைச் சாத்தியமாக்கினார்.

ஆயினும் செலவைக் குறைத்தவை எல்லாம் அழகானவை என்று நான் சொல்லமாட்டேன். கதையிலும் கவனமின்றி, அசைவிலும் கவனமின்றி அவசரத்தில் முடிக்கப்பட்ட தொடர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கைவசம் உள்ள சில சித்திரங்களை எங்கே செலவழிப்பது என்று ஆழ்ந்து யோசித்தவர்களின் படங்களே மனத்தில் நிற்கின்றன. சோவியத் இயக்குநர் பியோதர் கித்ருக் 1969 இல் தொடங்கிய கரடிக்குட்டிப் படங்களைப் பாருங்கள்: காடும் வீடும் சின்னப் பிள்ளை நிறப்பென்சிலால் தீட்டியவை போல இருக்கின்றன, கரடியோ வலக்கையையும் வலக்காலையும் ஒன்றாக வீசி நடக்கிறது. அந்த நடை ஒன்றிலேயே அதன் குணம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. முகம் அசையாமல் நின்று இமை மட்டும் மூடித் திறக்கும் கணத்தில், அது என்ன யோசிக்கிறது என்று நாமும் யோசிக்கத் தொடங்குகிறோம். எல்லாமே அசைந்துகொண்டிருந்தால் அதற்கு நேரம் ஏது?

கிளிநொச்சியிலிருந்து ஒரு சித்திர ஆசிரியை:

மல்லாவித் தம்பி சொன்னதை வகுப்பறையில் கண்ணால் கண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். யூரி நோர்ஸ்டெய்ன் 1975 இல் எடுத்த, மூடுபனியில் வழிதவறும் முள்ளெலியின் படத்தை எட்டாம் வகுப்புக்குக் காட்டினேன். பத்து நிமிடப் படம்தான். அந்தப் பனியை எப்படி உண்டாக்கினார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மெல்லிய தாள் ஒன்றைக் காட்சியின் மேல் வைத்து, சட்டம் சட்டமாகக் கமராவை நோக்கி உயர்த்திக்கொண்டே போனார்கள் என்று விளக்கியபோது ஒருவரும் நம்பவில்லை. உடனே ரேசிங் தாளை எடுத்து ஒரு மாட்டின் சித்திரத்தின் மேல் வைத்து, கைத்தொலைபேசியின் முன் மெல்ல மெல்ல உயர்த்திக் காட்டினேன். மாடு பனிக்குள் மறைந்தது. வகுப்பு முழுவதும் எழும்பி மேசையைச் சூழ்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு தாங்களும் ஒரு படம் செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். இரவில் குளக்கட்டால் இறங்கி வந்து வாழைத்தோட்டத்தில் புகும் யானையே கதை. அது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. முந்தைய சித்திரத்தை அடியில் வைத்துப் பார்த்து வரைய வெளிச்சம் வேண்டும். எங்கள் வகுப்பறை யன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. ஆகவே ஒரு மட்டைப்பெட்டிக்குள் ரோச் லைற்றை வைத்து, மேலே தெளிவான பிளாஸ்ரிக் தகடு ஒன்றை ஒட்டிக்கொண்டோம். விநாடிக்கு எட்டுச் சித்திரங்கள் என்று கணக்கு வைத்தோம்.

யானையின் காது ஒவ்வொரு தாளிலும் சற்று வேறுபட்டு வந்தது. வரைந்த பையன் அதை அழித்துத் திருத்த றப்பரை எடுத்தபோது, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று நான் தடுத்தேன். ஓட்டிப் பார்த்தால், நின்ற இடத்திலேயே யானை மூச்சு விடுவதுபோல இருந்தது. பிறகு அவனே ஒரு காதையும் அழிக்க விடவில்லை. பெரிய கலையகங்களிலும் கையின் தடம் பலகாலம் மறைக்கப்பட்டே வந்தது. டிஸ்னி நிறுவனம் 1961 இல், பென்சில் சித்திரத்தை மைகொண்டு மீண்டும் வரையாமல், ஸெரொக்ஸ் என்னும் நகலெடுக்கும் முறையில் நேரடியாகத் தெளிவான பிளாஸ்ரிக் தகட்டுக்கு மாற்றி முழுநீளப் படம் ஒன்றை வெளியிட்டது. நோக்கம் செலவைக் குறைப்பதுதான். ஆனால் அதனால் ஓவியரின் சொரசொரப்பான கோடு திரைக்கு வந்தது. அந்தக் கோட்டைத்தான் நான் மாணவர்களுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறேன்.

ஒட்டுசுட்டான் அண்ணாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வாசிகசாலைப் பிள்ளைகளையும் வரையச் செய்வதாக இருந்தால், தாள்கள் விலகாமல் இருப்பதை முதலில் கவனியுங்கள். ஒரு பலகையில் இரண்டு சிறு ஆணிகளைத் தலை வெட்டி நிறுத்தி, எல்லாத் தாள்களிலும் அதே இடத்தில் பஞ்ச் மெஷினால் துளையிட்டு மாட்டிவிட்டால் போதும். தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் இரண்டு கதிரைகளுக்கு இடையே ஒரு பலகை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். பகல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் யன்னலை மூடிவிட்டு ஒரு மின்குமிழின் கீழ் எடுங்கள். எங்கள் பலகையின் அளவுகள் வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.