பேஸ்மென்ட் சுவருக்கு இன்சுலேஷன்: இடம் போகாமல் செய்ய முடியுமா?

வணக்கம். எங்கள் பேஸ்மென்ட் அறையின் அகலமே 9 அடிதான். சுவர் வெறும் கான்கிரீட். குளிர்காலத்தில் கை வைத்தால் சில்லிட்டுப் போகிறது. போன வாரம் புத்தக அலமாரியை நகர்த்தினேன், பின்பலகை முழுக்க வெள்ளைப் பூஞ்சை.

பார்க்க வந்தவர், மரச்சட்டம் அடித்து நடுவில் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்துவிடலாம் என்றார். சட்டம், இடைவெளி, ஜிப்சம் பலகை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 5 அங்குலம் போகும். இரண்டு பக்கமும் என்றால் கிட்டத்தட்ட ஒரு அடி! அப்புறம் கட்டில் போட்டால் நான் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். தவிர, பஞ்சு கான்கிரீட்டை ஒட்டி ஈரம் கோத்தால் மறுபடியும் பூஞ்சைதான்.

என் யோசனை இது: 2 அங்குல எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன் ஃபோம்) பலகையைச் சுவரிலேயே ஒட்டி, இணைப்புகளை டேப்பால் அடைத்து, மேலே அரை அங்குல ஜிப்சம். வெப்பம் கடப்பதைத் தடுக்கும் ஆர் மதிப்பு, அங்குலத்துக்கு ஆர்-5 வீதம் ஆர்-10 கிடைக்கும். போவது இரண்டரை அங்குலம். ஃபோம் எளிதில் தீப்பிடிக்கும், மூடாமல் விடக்கூடாது என்பது தெரியும்.

சுவரில் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 2 நாள் விட்டேன். சுவர்ப் பக்கம் காய்ந்திருந்தது. அறைப் பக்கம்தான் துளித்துளியாக நீர். அப்படியானால் ஈரம் மண்ணிலிருந்து இல்லை, அறைக் காற்றிலிருந்து வருகிறது, சரிதானே?

மரச்சட்டம் இல்லாமல் செய்தவர்கள் ஜிப்சத்தை எதில் பிடித்தீர்கள்? நேராகக் கான்கிரீட் திருகா, மெல்லிய மரப்பட்டையா? பிளக் பாயின்ட் பெட்டியை இரண்டரை அங்குலத்துக்குள் எப்படி அடக்கினீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.