அண்ணாவின் காணியும் வங்கிப் பணமும்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். உப்புவெளியில் இருந்த எங்கள் மூத்த அண்ணா மாசி மாதம் காலமாகிவிட்டார். கல்யாணம் செய்யவில்லை, அம்மா அப்பாவும் இல்லை, மரணசாசனமும் இல்லை. 'எழுதலாம், எழுதலாம்' என்றே ஆள் போய்விட்டார்.

காணி உறுதி கையில் இருக்கிறது. நிலையான வைப்புக்குத்தான் நொமினி (தனக்குப் பிறகு பணத்தைப் பெறுபவர்) போடவில்லை. நீதிமன்றப் பத்திரம் கேட்கிறது வங்கி. சரி, திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமென்டரி வழக்கு (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் கேட்கும் வழக்கு) போடுவோம் என்று முடிவெடுத்தோம்.

நானும் தங்கச்சியும் இங்கே, தம்பி கனடாவில். அவன் சம்மதக் கடிதத்தை அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் கையொப்பமிட்டு அனுப்பினால் போதுமா, அற்றோணித் தத்துவமும் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) வேண்டுமா? ஒருவர் பெயரில் விண்ணப்பிப்பது நல்லதா, இருவர் சேர்ந்தா? பத்திரிகை அறிவித்தல் போட்ட பிறகு உங்களுக்கு எத்தனை மாதம் இழுத்தது? தம்பி ஆவணியில் வருகிறான், அதற்குள் கடதாசிகளைச் சேர்த்து வைக்க வேண்டும்.