பொன்னியின் செல்வனில் புது ஜோடி: எது நிற்கும், எது சரியும்

சுவடிப்பெட்டி:

கல்கியின் சோழர் கால நாவலான பொன்னியின் செல்வன் மாந்தர்களை வைத்து ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறவர்கள் முதலில் பார்ப்பது பேச்சுப் பொருத்தம். யார் யாரோடு வாயாடினால் நன்றாக இருக்கும் என்று. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது முறை. கல்கியின் கதை மொத்தமும் உறவுமுறை மேல் கட்டியது. அதில் ஒரு கல்லை உருவினால் நான்கு பேருக்கு உறவு மாறிவிடும்.

அடிக்கடி தவறுகிற இடம் சேந்தன் அமுதன். தளிக்குளத்தார் கோவிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுக்கிற ஏழைப் பிள்ளை என்பதால் அவனைச் சுந்தர சோழரின் மகள் குந்தவையோடு சேர்த்து எழுதுகிறார்கள். இளவரசியும் பூக்காரனும் என்று கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த பிள்ளை. கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயர், அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். அப்படியானால் அமுதன் சுந்தர சோழருக்குப் பெரியப்பா மகன், குந்தவைக்குச் சித்தப்பா. இந்த ஜோடி நிற்கவே நிற்காது. பிறப்பு ரகசியத்தையே கதையிலிருந்து எடுத்துவிட்டு எழுதலாம். எடுத்தால், கடைசியில் அமுதன் ஏற்கிற உத்தம சோழன் என்ற பட்டத்துக்கு வேறு ஆள் தேட வேண்டும்; ஐந்தாம் பாகம் முழுவதும் போய்விடும்.

எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஊமை ராணி மந்தாகினி, கோடிக்கரைப் படகுக்காரப் பெண் பூங்குழலிக்கு அத்தை. மந்தாகினி பெற்ற பிள்ளைதான் செம்பியன் மாதேவியிடம் மதுராந்தகனாக வளர்கிறான். ஆகவே ரத்த உறவில் பூங்குழலிக்கு நேரான முறைப்பையன் அந்தப் பழைய மதுராந்தகன். அமுதன் வாணி அம்மை எடுத்து வளர்த்த பிள்ளை என்பதால் வளர்ப்பு வழியில்தான் அத்தை மகன். பூங்குழலி – மதுராந்தகன் என்று எழுதினால் முறை இடிக்காது. இடிப்பது வேறு இரண்டு: அவனுக்கு ஏற்கெனவே சின்னப் பழுவேட்டரையரின் மகளோடு கல்யாணம் ஆகிவிட்டது, அவனுடைய சுபாவத்தைப் பூங்குழலி ஒரு நாள் கூடப் பொறுக்கமாட்டாள்.

கோடிக்கரைக் காற்று:

பூங்குழலி – அருள்மொழி (குந்தவையின் தம்பி, பிற்கால ராஜராஜன்) பற்றிச் சொல்கிறேன். கடம்பூர் சம்புவரையரின் மகள் மணிமேகலைக்கு அடுத்தபடி வாசகர்கள் அதிகம் கேட்பது இந்த ஜோடியைத்தான்.

கதை முடிந்த பிறகு சேர்க்கக்கூடாது. அமுதன் உத்தம சோழன் ஆகி, பூங்குழலி அவனை மணந்தபின் அவள் அருள்மொழிக்குச் சித்தி. முடிச்சு அதற்கு முன்னால் விழ வேண்டும். அதற்கு மூலத்திலேயே நீளமான இடம் ஒன்று இருக்கிறது: கோடிக்கரையிலிருந்து கால்வாய் வழியாக நாகைச் சூடாமணி விகாரத்துக்குப் போகிற படகுப் பயணம். அதில் எழுதுகிறவர்கள் சறுக்குவது எங்கே என்றால், அருள்மொழியைப் பேச வைத்துவிடுகிறார்கள். அவனுக்குக் கடுமையான விஷக்காய்ச்சல், நினைவு வருவதும் போவதுமாகக் கிடக்கிறான். பக்கம் பக்கமாக அவன் காதல் வசனம் பேசினால் அதற்கப்புறம் காய்ச்சலையே யாரும் நம்பமாட்டார்கள். மேலும் படகில் மூன்றாவதாக அமுதனும் இருக்கிறான். அவனை மறந்துவிட்டு எழுதிய கதைகள் ஏராளம். அவன் கண்முன்னால்தான் எல்லாம் நடக்கிறது என்பதை வைத்துக்கொண்டால் காட்சிக்கே கனம் கூடும். அவள் நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள், இவன் துடுப்பை நிறுத்தாமல் வேறு பக்கம் பார்க்கிறான். அது போதும். அருள்மொழிக்கு அரைகுறைச் சொற்கள் ஐந்தாறு, அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்த தடை, அருள்மொழியை மணக்கப்போகிற கொடும்பாளூர் இளவரசி வானதி. குடந்தை சோதிடர் அவள் வயிற்றில் பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டார். வரலாற்றிலும் ராஜேந்திரனின் தாய் வானவன் மாதேவி. வானதியை நீக்கினால் ராஜேந்திரன் இல்லை. ராஜராஜனுக்குத் தேவியர் பலர், அதில் பூங்குழலியும் ஒருத்தி என்று சிலர் எளிதாக முடித்துவிடுகிறார்கள். கல்வெட்டுக் கணக்குக்கு அது சரி. அந்தப் பெண்ணுக்குச் சரியில்லை. அலைகடலில் தனியாகப் படகு விடுகிறவள் அந்தப்புரத்தில் பத்தோடு பதினொன்றாக உட்காரமாட்டாள். சிங்காதனம் ஏறமாட்டேன் என்று வானதி சபதம் எடுப்பதே பூங்குழலியோடு வந்த வாக்குவாதத்தில்தான். ஆகவே ஜோடியை மாற்றுகிறவர் அந்தச் சபதக் காட்சியையும் மாற்றி எழுதியே ஆக வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டு முடிவை மட்டும் மாற்றினால், படிக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார்.

என் கணிப்பில் நிற்கக்கூடிய வடிவம் ஒன்றுதான்: இருவருக்கும் மனதில் இருக்கிறது, இருவருக்கும் தெரிகிறது, கல்யாணம் மட்டும் இல்லை. அவள் அமுதனை ஏற்றுக்கொள்வது தோல்வியாக எழுதப்படக்கூடாது.

ஏரிக்கரை:

பூங்குழலி – வந்தியத்தேவன் (கதையின் நாயகன்) ஜோடியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், கோடிக்கரைக் காற்று. புதைசேற்றில் மாட்டியவனை அவள் வெளியே இழுத்துவிடுகிறாள். சதுப்பில் எரிகிற கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி அவைதான் தன் காதலர்கள் என்கிறாள். முதல் சந்திப்புக்கு இதைவிடத் தீனி வேறு என்ன வேண்டும்! தடை என்னவென்றால், அவன் கோடிக்கரைக்கு வருவதே குந்தவை கொடுத்த ஓலையோடு. குடந்தை சோதிடர் வீடு, அரிசிலாற்றங்கரை, பழையாறை எல்லாம் கடந்து, மனதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அப்படி இருப்பவன் படகில் வேறொருத்தியிடம் மயங்கினால் அவன் தரம் இறங்கிவிடும்.

மாற்ற வேண்டியது அனுப்புகிறவரை. காஞ்சியிலிருந்து கிளம்பும்போது குந்தவையின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொடுத்தது இரண்டு ஓலைகள், ஒன்று தகப்பனாருக்கு, ஒன்று தங்கைக்கு. குந்தவைக்கான அந்த ஓலையைத் தஞ்சையிலேயே அவன் பறிகொடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈழத்துக்குத் தன் ஒற்றன் ஆழ்வார்க்கடியானை அனுப்புகிற முதன்மந்திரி அநிருத்தர் இவனையும் கூட அனுப்பலாம். குந்தவையைப் பார்க்காமலே கோடிக்கரை வந்து சேர்ந்துவிடுவான். மாற்றம் ஒன்றே ஒன்று, விளைவு முழுக்கதைக்கும்.

இப்போது மணிமேகலை. அவள் சாவை மாற்றி எழுதியவர்கள்தான் அதிகம், அதிலும் பாதிக்கு மேல் குந்தவையைக் கெட்டவளாக்கித்தான் மாற்றுகிறார்கள். தேவையே இல்லை. கடைசி அத்தியாயமான ‘மலர் உதிர்ந்தது’ வரை அவளைக் கொண்டு சேர்ப்பது ஒரு பொய்ச் செய்தி: வந்தியத்தேவன் இறந்துவிட்டான் என்பது. அதைக் கேட்டுத்தான் சித்தம் கலங்குகிறாள். அந்தச் செய்தி அவள் காதில் விழுவதற்கு முன்னால், அவன் உயிரோடு அமுதன் குடிசையில் கிடக்கிறான் என்று ஒருவர் சொன்னால் போதும், அவள் பிழைப்பாள். பிழைத்தபின் யாரோடு சேர்ப்பது என்பது தனிக் கேள்வி.

வந்தியத்தேவனோடு சேர்த்தால் கல்வெட்டு குறுக்கே நிற்கும். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டிலேயே குந்தவைப் பிராட்டியார் வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்று குறிக்கப்படுகிறார். மாற்று வரலாறு என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. வரலாற்றைக் காப்பாற்றிக்கொண்டு எழுத நினைப்பவர்களுக்கு என் யோசனை பார்த்திபேந்திர பல்லவன். இதை ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

பொருத்தம் பாருங்கள். பல்லவ குலம், கரிகாலனின் தோழன், சம்புவரையர் மறுக்கமாட்டார். கரிகாலன் கடம்பூர் வரும்போது அவனும் கூடவே வந்து அதே மாளிகையில் தங்குகிறான். ஆகவே சந்திப்புக்கு ஆளை எங்கிருந்தும் கடத்திவர வேண்டியதில்லை. இருவருக்கும் பொதுவான காயம் ஒன்று உண்டு: இருவருமே பெரிய பழுவேட்டரையரின் மனைவி நந்தினியை நம்பியவர்கள். அவன் அவள் அழகில் மயங்கினான், இவள் அவளை உடன்பிறந்த அக்காளாக நினைத்தாள். கடம்பூர் மாளிகை எரிந்தபின் ஏமாற்றம் இருவருக்கும் ஒன்றே. அங்கிருந்து தொடங்கலாம்.

ஆனால் அவசரப்படக்கூடாது. மணிமேகலை தன் அறைக் கண்ணாடியில் வந்தியத்தேவன் முகத்தைப் பார்க்கிற காட்சி வாசகர் மனதில் ஆணி அடித்தாற்போல் இருக்கிறது. கரிகாலனைக் கொன்றது தான்தான் என்று சொல்லி அவனுக்காகப் பழியைத் தலையில் ஏற்றுக்கொண்டவள் அவள். அவள் மனம் ஒரே அத்தியாயத்தில் திரும்பினால் யாரும் ஏற்கமாட்டார்கள். குறைந்தது மூன்று சந்திப்பு வேண்டும். முதலாவதில் பார்த்திபேந்திரன் மேல் அவளுக்குக் கோபம்தான் இருக்க வேண்டும், கரிகாலனை ஏன் காக்கவில்லை என்று. இரண்டாவதில் வந்தியத்தேவன் பிழைத்திருக்கிற செய்தியைப் பார்த்திபேந்திரனே கொண்டு வரட்டும். தனக்கு ஆகாதவனைப் பற்றிய நல்ல செய்தியைச் சுமந்து வருவதில் அவன் குணம் தெரிந்துவிடும். மூன்றாவது குந்தவை கல்யாணத்துக்கு அப்புறம்தான். நடுவில் ஒரு வருஷமாவது ஓடட்டும்.

பழையாறை:

குந்தவைக்கு வேறு ஜோடி தேடுகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி. பொன்னி பாய்கிற நாட்டை விட்டுப் போகமாட்டேன் என்பது அவள் தீர்மானம். எனவே வருகிறவனுக்குச் சொந்த ராஜ்யம் இருக்கக்கூடாது. சேர இளவரசன், ராஷ்டிரகூட இளவரசன் என்று எழுதப்பட்ட கதைகள் எல்லாம் இங்கேதான் விழுகின்றன: அவள் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, போனால் அவள் குந்தவை இல்லை. கல்கி வாணர் குலத்து நாடிழந்த வீரன் வந்தியத்தேவனைக் கொண்டுவந்ததன் காரணமே இதுதான். தாய்வழியில் திருக்கோவலூர் மலையமான் வீடு இருக்கிறது, அங்கே மாமன் மகன் என்று ஒருவனைக் கற்பித்துக்கொள்ளலாம். முறை சரியாக வரும், நாட்டை விட்டுப் போகவும் வேண்டாம்.

நந்தினி – கரிகாலன் பற்றி: பாண்டிய மன்னன் வீரபாண்டியனை விட்டுவிடு என்று நந்தினி கரிகாலன் காலில் விழுந்து கேட்ட இரவை மாற்றாமல் அந்த ஜோடியைச் சேர்க்க வழியே இல்லை. கரிகாலன் கையால் வீரபாண்டியன் தலை விழுந்தபின் எத்தனை மன்னிப்பு எழுதினாலும் செல்லாது.

சுவடிப்பெட்டி:

வேலைமுறை கேட்டிருந்தவர்களுக்கு: எழுத உட்காரும் முன் ஒரு தாளில் நான்கு கட்டம் கோடு போடுங்கள். அத்தியாயம், அந்த நேரத்தில் ஆள் எங்கே, அவனுக்குத் தெரிந்த ரகசியம் எது, தெரியாதது எது. உங்கள் ஜோடி இரண்டு பேருக்கும் இதை நிரப்பிவிட்டால் தவறுகளில் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும். ஒருவர் ஈழத்தில் இருக்கும்போது மற்றவர் பழையாறையில் அவரோடு நிலா பார்ப்பது, அமுதனின் பிறப்பு வெளிப்படும் முன்னே அவனை இளவரசே என்று அழைப்பது, இவையெல்லாம் இரண்டாவது, நான்காவது கட்டங்கள் இல்லாததால் வருகிற பிழை.

கல்கியின் பல்லவர் கால நாவலான சிவகாமியின் சபதத்துக்கும் இது பொருந்தும். சிவகாமி – மாமல்லன் சேர்வதற்கு அங்கே ஒரே வாசல்தான்: அவளை மீட்க மாமல்லன் மாறுவேடத்தில் வாதாபிக்குப் போகிற இடம். அவள் அங்கே சரி என்று சொல்லிவிட்டால் கல்யாணம் நடக்கும். ஆனால் வாதாபி எரியும்வரை அங்கிருந்து வரமாட்டேன் என்ற அவள் சபதம் கரைந்துவிடும், 642ல் வாதாபி எரிவதற்கு வேறு காரணம் எழுத வேண்டும். பாண்டிய இளவரசி பட்டத்து ராணி ஆகமாட்டாள், அப்புறம் பார்த்திபன் கனவு நாவலில் வருகிற மாமல்லன் மகள் குந்தவிக்குத் தாய் யார் என்பதும் மாறும். இத்தனையையும் எழுதத் தயார் என்றால் தாராளமாகச் சேருங்கள். சிவகாமியையும் வந்தியத்தேவனையும் சேர்க்கிறவர்கள் இடையில் 300 ஆண்டுக்கு மேல் இருப்பதை மட்டும் எப்படியாவது கடந்துவாருங்கள். கனவு, மறுபிறவி என்று ஏதாவது ஒன்றை முதல் பத்தியிலேயே நிறுவிவிட வேண்டும்.

கோடிக்கரைக் காற்று:

பேச்சு நடை பற்றி இரண்டு வரி. புது ஜோடிக் கதைகளில் எல்லாப் பெண்களும் குந்தவை மாதிரியே பேசுகிறார்கள். பூங்குழலி வெட்டிப் பேசுவாள், கேள்விக்குக் கேள்வியே பதில். வானதி பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு அக்கா என்று அழைக்கிற குந்தவையின் முகத்தைப் பார்ப்பாள். மணிமேகலை நினைத்ததை உடனே சொல்லிவிட்டுப் பிறகு வெட்கப்படுவாள். பெயரை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று தெரியாவிட்டால் திரும்ப எழுத வேண்டும்.

ஏரிக்கரை:

உரிமை பற்றிய சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது. கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். சட்டப்படி மறைவுக்குப் பின் உள்ள 60 ஆண்டு 2014 முடிவோடு தீர்ந்தது, அதற்கு முன்பே அவர் எழுத்து நாட்டுடைமையும் ஆகிவிட்டது. மாந்தர்களை எடுத்து எழுதத் தடையில்லை. ஓவியர் மணியத்தின் படங்கள் வேறு கணக்கு: அவர் மறைந்தது 1968ல், ஆகவே 2028 முடியும் வரை அனுமதியில்லாமல் அட்டைக்கு எடுக்காதீர்கள். 2022, 2023ல் வந்த பொன்னியின் செல்வன் திரைப்படங்களின் ஸ்டில்களும் அப்படியே. படம் மட்டும் பார்த்துவிட்டு வருகிற வாசகர்களுக்கு இன்னொன்று: அதில் மணிமேகலை பாத்திரமே கிடையாது. அவளை வைத்து எழுதினால் யார் இவள் என்று தொடக்கத்தில் மூன்று நான்கு வரி கொடுத்துவிடுங்கள்.

பழையாறை:

டேக் போடும்போது குந்தவி, குந்தவை இரண்டையும் கலக்காதீர்கள். குந்தவி ஏழாம் நூற்றாண்டுப் பல்லவப் பெண், பார்த்திபன் கனவில் விக்கிரமனை மணப்பவள். குந்தவை பத்தாம் நூற்றாண்டுச் சோழப் பெண். நாவலின் பெயரையும் டேக்கில் சேர்த்துவிட்டால் தேடுகிறவர்களுக்கு எளிது.