ஐட்லிங்கில் டிக் டிக், ஆக்சிலரேட்டர் திருகினால் சீட்டி: வாக்கி டாக்கியா, வண்டியா?

கொலுசுப்பட்டறை எழுதியது:

வணக்கம். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஐந்து பேர் வண்டியை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மலை ஏறிவிடுவோம். என்னுடையது 2013 மாடல், 350 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. போன வருடம் ஐவரும் சேர்ந்து 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கி வாங்கினோம். அரை வாட்தான், லைசென்ஸ் தேவைப்படாத ரகம். செட் டேங்க் பேக்கில் படுத்திருக்கும். அதிலிருந்து ஹெல்மெட்டுக்கு ஒரு வயர், ஹேண்டில்பாரில் பேசுகிற பொத்தான். சார்ஜ் தீரக் கூடாதே என்று வண்டியின் யூஎஸ்பி சார்ஜரில் சொருகியே வைத்திருப்பேன்.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. கார்த்திகை மழைக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. இஞ்சின் ஓடும்போது தூரத்தில் இருப்பவன் பேசினால் அவன் குரலோடு சேர்ந்து டிக் டிக் டிக் என்று வருகிறது. வேகம் ஏறினால் அதுவே கரகரவென்று ஆகி, குரலை விழுங்கிவிடுகிறது. இது என் காதில். மற்ற நாலு பேருக்கோ, நான் பேசினால் பின்னாடி ஒரு சீட்டி கேட்கிறதாம். திருகத் திருகச் சுருதி ஏறுகிறதாம். "அண்ணா, மாவு மில்லுக்குள்ள உக்காந்து பேசறீங்களா" என்றான் ஒருவன்.

போன வாரம் கொல்லிமலை போனோம். காரவள்ளி டீக்கடைவரை சமாளித்தோம். வளைவுகள் ஆரம்பித்ததும் கடைசி வண்டிக்காரனும் நானும் ஒருவரையொருவர் சுத்தமாக இழந்துவிட்டோம். எதிரே பஸ் இறங்குகிறது, ஓரம் கட்டு என்று நான் மூன்று முறை கத்தியது அவனுக்குப் போகவே இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவில் இது விளையாட்டில்லை.

கடைக்காரர் பவர் அதிகமான செட்டாக மாற்றச் சொல்கிறார். மாற்றினால் தீருமா?

ஆத்தூர் கியர்:

எனக்கும் இதே தொல்லை இருந்தது நண்பா. வாக்கி டாக்கியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ப்ளூடூத் இண்டர்காம் வாங்கினேன். டிக்கும் இல்லை, சீட்டியும் இல்லை. என்ன, சில நாள் பேச்சு துண்டு துண்டாக வெட்டுகிறது. ஆனால் இரைச்சல் இல்லை. காசைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

பழைய வயர்லெஸ் கை:

தம்பி, செட்டை மாற்றாதீர்கள். நீங்கள் மூன்று வியாதியை ஒரே சீட்டில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காதில் டிக் டிக் ஒன்று. அடுத்தவர் காதில் சீட்டி இன்னொன்று. மலையில் ஆள் கிடைக்காதது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

நான் கோவையில் டாக்சிகளுக்கு வயர்லெஸ் பொருத்திக்கொண்டிருந்தவன். அம்பாசடர் காலம். பெட்ரோல் அம்பாசடரில் செட் வைத்தால் டிக் டிக் வரும், டீசல் அம்பாசடரில் வராது. டீசலுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அவ்வளவுதான் சூட்சுமம். பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் அந்த உயர் அழுத்த வயர் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் ஆகிவிடும். எந்த அலைவரிசை என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொட்டும்.

தூரத்து ஆள் பேசும்போதுதான் வருகிறது என்று எழுதினீர்களே, அது முக்கியம். உங்கள் செட் எஃப்எம் முறை. சிக்னல் பலமாக இருந்தால் எஃப்எம் இந்த மாதிரி இரைச்சலை அமுக்கிவிடும். பலவீனமானால்தான் இரைச்சல் தலை தூக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசினால் சுத்தமாகக் கேட்குமே?

இன்னொன்று. உங்கள் பிளக் உங்கள் காதை மட்டும்தான் கெடுக்கும். பஸ் வருகிறது என்று நீங்கள் கத்தியது அவருக்குப் போகாததற்கு அது காரணமில்லை. அதைத் தனியாகப் பார்ப்போம்.

இப்போது ஒரு பைசா செலவில்லாமல் இதைச் செய்யுங்கள். ஒருவரை அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். யூஎஸ்பி வயரைப் பிடுங்கிவிட்டு செட்டின் சொந்த பேட்டரியிலேயே பேசிப் பாருங்கள், சீட்டி இருக்கிறதா என்று அவர் சொல்லட்டும். பிறகு அவர் பேசிக்கொண்டே இருக்க, நீங்கள் கில் ஸ்விட்சை அழுத்துங்கள். இஞ்சின் நின்ற அதே நொடி டிக் நின்றால் பொறிதான் காரணம். ஒவ்வொரு லைட்டையும் போட்டு அணைத்தும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: அந்த மழைக்குப் பிறகு வண்டியில் எதை மாற்றினீர்கள்?

கொலுசுப்பட்டறை:

ஐயா, ரொம்ப நன்றி. ஞாயிறு காலை பைபாஸ் ஓரம் வேலையை முடித்தோம்.

யூஎஸ்பி வயரைப் பிடுங்கினேன், சீட்டி போயே போச்சு. திரும்பச் சொருகினால் திரும்ப வருகிறது. நாலு தடவை செய்து பார்த்தோம், ஆளுக்கு ஒரு தடவை பிடுங்க ஆசை. டிக் டிக் மட்டும் அப்படியே இருந்தது. கில் ஸ்விட்சை அழுத்தியதும் கத்தியால் வெட்டினாற்போல் நின்றது. பக்கத்தில் வந்து பேசச் சொன்னால் நீங்கள் சொன்னபடி சுத்தமாகக் கேட்கிறது.

நடுவில் நானாக ஒரு சோதனை செய்தேன். அப்பா மாநிலச் செய்தி கேட்ட பாக்கெட் ரேடியோ வீட்டில் இருந்தது. மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடமாக வைத்து வண்டியைச் சுற்றிக் கொண்டுபோனேன். எல்ஈடி ஃபாக் லைட் பக்கத்தில் காட்டியதும் பேய்க் கத்தல். கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். ஆனால் ஃபாக் லைட்டை அணைத்தும் போட்டும் பார்த்தால் வாக்கி டாக்கியில் ஒரு மாற்றமும் இல்லை. ஏன்?

மழைக்கு அப்புறம் மாற்றியது: ஓமலூர் தாண்டி வண்டி மிஸ்ஸாகி மிஸ்ஸாகி நின்றது. ரோட்டோர மெக்கானிக் பிளக்கும், அதன் தலையில் மாட்டுகிற பிளக் கேப்பும் புதிதாகப் போட்டார். நூற்றைம்பது ரூபாயோ என்னவோ வாங்கினார். நல்ல மனுஷன், டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

பழைய வயர்லெஸ் கை:

டீயோடு சேர்த்து வியாதியும் கொடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, வண்டி ஓடினால் அவருக்கு வேலை முடிந்தது.

முதலில் பாக்கெட் ரேடியோ. மீடியம் வேவ் ஒரு மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதுவும் இரைச்சலை அப்படியே வாங்கிக்கொள்கிற ஏஎம் முறை. உங்கள் செட் 446. ஃபாக் லைட்டுக்குள் எல்ஈடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் கீழ் அலைவரிசையில் பலமாகக் கத்தினாலும் அவ்வளவு மேலே வரும்போது மூச்சு வாங்கிவிடும். ரேடியோ நல்ல மோப்ப நாய்தான், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக் குரைக்கும். அணைத்துப் பார்த்தீர்களே, அதுதான் தீர்ப்பு.

இப்போது பிளக்கைக் கழற்றி அதன்மேல் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளில் ஆர் இருக்கிறதா? என்ஜிகே கம்பெனி பிளக் வரிசையில் பிபி6ஈஎஸ் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இல்லை, பிபிஆர்6ஈஎஸ் என்றால் உண்டு. சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கேப் மாட்டுகிற தலைமுனையையும் அடியில் நடு எலக்ட்ரோடையும் தொடுங்கள். ரெசிஸ்டர் இருந்தால் சில ஆயிரம் ஓம்ஸ் காட்டும், பொதுவாக 5,000 பக்கம். இல்லாவிட்டால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். கேப்பையும் வயரிலிருந்து திருகிக் கழற்றி இரு முனைக்கும் வைத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றிலாவது ரெசிஸ்டர் இருந்திருந்தால் இவ்வளவு கரகரப்பு வந்திருக்காது. அந்த ரெசிஸ்டர் பொறியைக் கெடுக்காது. அந்த வயரில் கரண்ட் சட்டென்று பாய்வதை மட்டுப்படுத்தும், அலையும் அடங்கும். உங்களுடையது கார்புரேட்டர் என்பதால் காதோடு போயிற்று. பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் பீய்ச்சுகிற எஃப்ஐ வண்டியில் இதே காரியத்தைச் செய்தால், இஞ்சினை நடத்தும் குட்டிக் கணினியான ஈசியூவே குழம்பிப் போகலாம்.

சீட்டிக்கு வருகிறேன். அது இஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டர். அதன் ஏற்ற இறக்கத்தை பேட்டரிதான் சமன் செய்ய வேண்டும். அது தளர்ந்திருந்தாலோ, முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ சமன் சரியாக இருக்காது. சுமாரான சார்ஜர் மிச்சத்தை அப்படியே செட்டுக்குள் விடும். உள்ளே மைக் சிக்னல் மில்லிவோல்ட் கணக்கு. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலை வந்தாலே சீட்டிதான். அதனால்தான் நீங்கள் பேசும்போது மட்டும், அடுத்தவருக்கு மட்டும் கேட்கிறது. பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடையுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஓடும்போது சார்ஜ் போடாதீர்கள். அந்த செட் ஒரு நாள் தாங்கும்.

மலை விஷயம் இரைச்சல் இல்லை தம்பி, பாறை. 446-ல் அலை நீளம் 67 செண்டிமீட்டர்தான், மலையை வளைத்துக்கொண்டு போகாது. அதிலும் நீங்கள் செட்டை இரும்பு டேங்க்மேல் படுக்கப் போட்டிருக்கிறீர்கள். ஆண்டெனா செங்குத்தாக, தோள் உயரத்தில் வரும்படி ஜாக்கெட்டில் மாட்டுங்கள். நடு வண்டிக்காரர் இரண்டு பக்கமும் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். பவர் அதிகமான செட் என்றால் லைசென்ஸ் வேண்டும், அந்தக் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மெஷ் மாமா:

ஆத்தூர்க்காரருக்கு மட்டும் ஒன்று. ப்ளூடூத் டிஜிட்டல். அதில் தொந்தரவு சீட்டியாக வராது, வெட்டாகத்தான் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 79 சேனலில் நொடிக்கு 1,600 தடவை தாவிக்கொண்டே இருக்கும், தாவுகிற இடமெல்லாம் ஆள் இருந்தால் பேச்சு துண்டாகும். ஹெல்மெட்டில் ஆக்‌ஷன் கேமரா வைத்திருக்கிறீர்களா? அதன் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

ஆத்தூர் கியர்:

கேமரா இருக்கிறது மாமா. வெட்டுகிற நாளெல்லாம் வீடியோ எடுத்த நாள்தான். இத்தனை நாள் இண்டர்காமைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கொலுசுப்பட்டறை:

முடிந்தது. எழுதி வைத்துவிடுகிறேன், நாளை யாருக்காவது உதவும்.

பிளக்கில் ஆர் இல்லை. மீட்டர் 0.4 ஓம்ஸ் காட்டியது. கேப்பும் அதே கதை, உள்ளே வெறும் பித்தளைத் திருகு, ஒரு ஸ்பிரிங். மழையில் கழற்றிய பழைய கேப் டூல் பாக்ஸில் கிடந்தது. மேலே முடி அளவு விரிசல், ஆனால் அளந்தால் 4,900 ஓம்ஸ். அந்த விரிசலில் தண்ணீர் இறங்கித்தான் அன்றைக்கு மிஸ்ஸாகியிருக்கிறது. நாள் முழுக்கக் கொலுசுக்குப் பற்ற வைக்கிற கண்ணுக்கு அந்த விரிசல் படாமல் போனது வெட்கம்தான்.

ஆர் போட்ட பிளக்கும் ரெசிஸ்டர் கேப்பும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. கேப்பைத் திருகும்முன் வயர் நுனியை அரை செண்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டினேன், பச்சை பிடித்திருந்தது. ஸ்டார்ட் செய்தால் டிக் இல்லை. காதை ஒட்டி வைத்து, ரொம்ப தூரத்து ஆள் பேசினால் மட்டும் லேசாகப் பொரிகிறது. பேட்டரி முனைகளைத் துடைத்ததில் சீட்டி பாதியானது, முழுதாகப் போகவில்லை. சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டேன், இனி டீக்கடையில் போட்டுக்கொள்வதுதான்.

நேற்று திரும்பக் கொல்லிமலை. செட்டை இடது தோளில் நிமிர்த்தி மாட்டினேன். மூன்றாவது வண்டிக்காரன் அஞ்சல்காரன் ஆனான். நான் சொன்னதை அவன் சொல்ல, கடைசி ஆள் இரண்டு வளைவுக்குக் கீழே ஓரம் கட்டி நின்றான். பஸ் அவனைத் தாண்டிப் போன பிறகு "போயிடுச்சுண்ணா" என்ற சத்தம் எனக்கு நேராகவே கேட்டது.

ஆத்தூர் நண்பா, பரணில் போட்ட அந்த வாக்கி டாக்கி இன்னும் இருக்கிறதா? எங்களோடு ஆறாவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், விலை சொல்லுங்கள்.