புதுப்பிப்பு: என் வீராங்கனை மோச்சே பெண்ணாகிறாள்

கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்க நாகரிகம் ஒன்றைத் தழுவி, என் சித்திரக்கதைக்கு ஒரு வீராங்கனையை வடிவமைப்பதாக இந்த இழையில் எழுதி, ஆஸ்டெக், இன்கா, மோச்சே ஆகியவற்றில் எது பொருந்தும் என்று கேட்டிருந்தேன். வட பெருவின் கடலோர மோச்சே பண்பாட்டையே தேர்ந்துள்ளேன். அதற்குக் காரணம் காவோ சீமாட்டி.

சிக்காமா பள்ளத்தாக்கின் எல் புருஹோ தொல்லியல் வளாகத்தில் கண்டெடுக்கப்பட்டு 2006இல் அறிவிக்கப்பட்ட அந்த இளம்பெண்ணின் உடல், ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாகத் துணிச்சுற்றுகளுக்குள் அழியாமல் கிடந்தது. உடன் இரண்டு பெரிய தண்டாயுதங்களும் பல ஈட்டி எறிகோல்களும் இருந்தன. அவர் களம் கண்டார் என்பதற்கு இவை சான்றாகா. ஆனால் அதிகாரத்தின் ஆயுதங்கள் ஒரு பெண்ணுக்கு உரியவையாக இருந்தன என்பதே என் கற்பனைக்குப் போதுமான அடித்தளம். அவர் தோலில் உள்ளபடியே, என் வீராங்கனையின் முன்கைகளிலும் பாம்பும் சிலந்தியும் பச்சை குத்தப்பட்டிருக்கும்.

சிலர் பரிந்துரைத்த, எரிமலைக் கண்ணாடி பதித்த வாள் மெக்சிகோ நிலப்பகுதிக்குரியது என்பதால் அதைத் தவிர்த்து, கூம்புத் தலை கொண்ட நீண்ட தண்டாயுதமும் சிறு கேடயமும் தந்துள்ளேன். மோச்சே மட்கல ஓவியங்களில் வென்றவன் தோற்றவனின் முடியைப் பற்றி இழுப்பதும், கைதியின் ஆடையும் ஆயுதமும் பறிக்கப்பட்டு வென்றவனின் தண்டாயுதத்தில் மூட்டையாகத் தொங்குவதும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆகவே இவள் கூந்தலைத் தலைக்கவசத்துக்குள் இறுக முடிந்திருப்பாள். வண்ணங்களுக்கு அக்கலங்களின் வெளிர்மஞ்சளும் செம்பழுப்பும் போதும். அடுத்து வரைய வேண்டியது, இடுப்பின் பின்புறம் தொங்கும் பிறைவடிவச் செப்புத் தகடு.